ராண்ட் கடனை வைத்துக்கொண்டு மறுபடியும் ஜோகன்னஸ்பர்க்: எந்த வழி தேவலை?

"அண்ணே, ஏர்போர்ட்டுலயே புடிச்சு உக்கார வெச்சிருவாங்களா?"

ஒருமுறை இங்கே தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்துவிட்டு, கார் லோனையும் கிரெடிட் கார்டையும் அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போனவர்களுக்கு இரண்டாவது முறை ஆஃபர் வரும்போது முதலில் எழும் கேள்வி இதுதான். நான் வக்கீல் இல்லை. மிட்ராண்ட் பக்கம் சம்பளக் கணக்குப் பார்ப்பவன். ஆனால் கோர்ட்டிலிருந்து சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லும் உத்தரவு வந்தால் அது முதலில் விழுவது எங்கள் மாதிரி ஆட்களின் மேசையில்தான். அதனால் இந்தக் கதைகளின் நடுப்பகுதி எனக்கு நன்றாகவே தெரியும்.

ஏர்போர்ட் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பிடிக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் வங்கிக் கடன் பாக்கி முழுக்க சிவில் விவகாரம். துபாயில் செக் திரும்பி ஜெயிலுக்குப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் நம்பிக்கை வராத விஷயம். இங்கேயும் ஒரு காலத்தில், கடன் வாங்கியவர் நாட்டை விட்டு ஓடிவிடுவார் என்ற சந்தேகத்தின் பேரில் பிடித்து அடைக்க ஒரு பழைய சட்டப்பிரிவு இருந்தது. மால்டோவாவிலிருந்து கேப் டவுனுக்கு நடனம் ஆட வந்த பெண் ஒருவர், தன்னை வரவழைத்த நிறுவனத்தோடு பணத் தகராறு இருந்த நிலையில் ஊர் திரும்ப முயன்றபோது அந்தப் பிரிவின் கீழ் சிறை வைக்கப்பட்டார். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2010-இல் அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பானது. கடனுக்காக ஆளைப் பிடிக்கும் வழி அதோடு அடைபட்டது.

விசா பக்கமும் அப்படித்தான். 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் யாரையெல்லாம் 'விரும்பத்தகாதவர்' என்று அறிவிக்கலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. விசா முடிந்தும் தங்கியவர் அதில் உண்டு. சில வகைக் குற்றத் தண்டனை பெற்றவர் உண்டு. வங்கிக்குத் தவணை கட்டாதவர் இல்லை. போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழிலும் சிவில் கடன் வராது. ஆனால் அதே பட்டியலில் கடன் சம்பந்தமாக ஒரே ஒரு வரி இருக்கிறது. கீழே சொல்லப்போகும் வழிகளில் ஒன்று உங்களை நேராக அந்த வரிக்குள் கொண்டுபோய் விடும். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

எனவே தொல்லை வரும் இடம் குடிவரவுக் கவுண்டர் அல்ல. வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதம் கழித்து வரும் பேஸ்லிப்தான்.

கணக்குக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். ஐ.டி. வேலை, நாலு வருடம் முன்பு பிராஜெக்ட் முடிந்து கிளம்பியவர். கார் லோனில் காரைத் திருப்பிக் கொடுத்தபின் மிச்சம் 1,40,000 ராண்ட். கிரெடிட் கார்டு 60,000. செல்போன் கான்ட்ராக்ட் 9,000. கிளம்பிய வருடத்தின் வருமான வரி ரிட்டர்ன் போடவில்லை. ஒரு ராண்டை 5 ரூபாய் என்று வைத்தால், வரி நீங்கலாக ஏறத்தாழ பத்தரை லட்சம் ரூபாய். இப்போது கையில் புது ஆஃபர், ஐந்து வருட கிரிட்டிகல் ஸ்கில்ஸ் விசா (ஆள் தட்டுப்பாடு உள்ள திறமைகளுக்குத் தரும் வேலை விசா). இவர் என்ன செய்யலாம்?

எதையும் தேர்ந்தெடுக்கும் முன்

எந்த வழியானாலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்று: உங்கள் மீது ஜட்ஜ்மென்ட், அதாவது கடனைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு, ஆகியிருக்கிறதா? ஆகவில்லை என்றால் நிலைமை ஒன்று, ஆகியிருந்தால் முற்றிலும் வேறு.

"எனக்கு எந்த நோட்டீஸும் வரலையே" என்பார்கள். வராது. லோன் பேப்பரில் முகவரி என்று ஹாஃப்வே ஹவுஸில் நீங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டை எழுதிக் கொடுத்திருப்பீர்கள். சட்டப்படி நோட்டீஸ் போகவேண்டிய இடமாக நீங்களே தேர்ந்தெடுத்த முகவரி அது. தேசியக் கடன் சட்டத்தின் (நேஷனல் கிரெடிட் ஆக்ட்) 129-ஆம் பிரிவுப்படி வழக்குக்கு முன் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதமும் அங்கே போகும், கோர்ட் அலுவலரான ஷெரிஃப் சம்மனையும் அங்கே விட்டுவிட்டுப் போவார். நீங்கள் தாம்பரத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே எதிர்த்தரப்பு வராத வழக்காகத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

தெரிந்துகொள்வது சுலபம். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற, அவரவர் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் கிரெடிட் பீரோக்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ஊரில் இருந்துகொண்டே ஆன்லைனில் கேட்கலாம். நமக்கு இங்கத்திய ஐ.டி. எண் கிடையாது, கணக்கெல்லாம் பாஸ்போர்ட் எண்ணில்தான் திறந்திருப்போம். நடுவில் பாஸ்போர்ட் மாற்றியிருந்தால் பழைய எண்ணையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். புது பாஸ்போர்ட் வந்ததால் பழைய கடன் தொலைந்தது என்று நினைத்துக் குதூகலிப்பவர்களும் உண்டு. பெயரும் பிறந்த தேதியும் மாறவில்லையே ஐயா. வருமான வரி எண்ணும் ஆயுசுக்கும் ஒன்றுதான். புது முதலாளி உங்களைப் பதிவு செய்யும்போது பழைய எண்ணே எழுந்து வரும்.

காலாவதி ஆகிவிடும் என்று காத்திருப்பது

எல்லோருக்கும் பிடித்த வழி இது. பணம் செலவில்லை பாருங்கள்! "மூணு வருஷம் ஆனா கடன் செத்துப்போயிரும்" என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். அதில் பாதி உண்மை. 1969-ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கு ஆயுள் மூன்று வருடம்தான். காலாவதியான கடனை விற்கவோ வசூலிக்கத் துரத்தவோ கூடாது என்று 2015 முதல் தேசியக் கடன் சட்டமும் சொல்கிறது.

மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. அதே காலாவதிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில், கடன் வாங்கியவர் நாட்டுக்கு வெளியே இருந்தால் அந்த மூன்று வருடம் முழுமையடையாது என்று இருக்கிறது. தடை நீங்கி, அதாவது நீங்கள் திரும்பி வந்து, ஒரு வருடம் கழியும் வரை கடனுக்கு உயிர் உண்டு. நம் ஆள் நாலு வருடம் சென்னையில் இருந்தார். கடன் செத்திருக்கும் என்று நினைத்து விமானம் ஏறுகிறார். ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ ஏர்போர்ட்டில் காலடி வைத்த நாளிலிருந்து கடன் கொடுத்தவருக்கு இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில்தான் இவர் புது சிம் வாங்குவார், வங்கிக் கணக்குத் திறப்பார், வீடு பிடிப்பார். ஒவ்வொன்றிலும் புது முகவரியும் புது நம்பரும் பதிவாகும். தேடுகிறவருக்கு அதுவே போதும்.

இன்னும் இரண்டு கண்ணிகள். கடனை ஒத்துக்கொண்டால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடும். "சார், கொஞ்சம் டைம் குடுங்க, கட்டிடறேன்" என்று நீங்கள் அனுப்பும் ஒரு வாட்ஸ்ஆப் செய்தி, நல்லெண்ணத்துக்காகக் கட்டும் 500 ராண்ட், இரண்டுமே ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். வசூல் ஏஜென்ட்கள் "ஒரு சின்னத் தொகையாவது கட்டுங்க" என்று கெஞ்சுவது கருணையால் அல்ல. அடுத்தது, ஜட்ஜ்மென்ட் ஆகிவிட்டால் மூன்று வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தீர்ப்புக் கடனின் ஆயுள் 30 வருடம்.

ஆக, நாட்டை விட்டுப் போகாமல் இங்கேயே இருந்தவருக்கு இந்த வழி பலிக்கலாம். போய்த் திரும்புகிற நமக்கு இது மோசமான பந்தயம். இதையே திட்டமாக வைத்துக்கொண்டு யாரும் டிக்கெட் போடாதீர்கள்.

ஊரிலிருந்தே பேசி முடித்துவிட்டு ஏறுவது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஜட்ஜ்மென்ட் இன்னும் ஆகாத கடனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

காரணம் பேரம். நீங்கள் சென்னையில் இருக்கும்வரை வங்கிக்கு உங்களிடமிருந்து ஒரு ராண்ட் வாங்குவதும் பெரும்பாடு. இங்கே வாங்கிய தீர்ப்பை எடுத்துக்கொண்டு போய் இந்தியக் கோர்ட்டில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் இந்தியா அறிவித்த நாடுகளின் தீர்ப்புகளுக்கு மட்டுமே அந்த வசதி. அதில் இங்கிலாந்து உண்டு, சிங்கப்பூர் உண்டு, 2020 முதல் அமீரகமும் உண்டு, தென்னாப்பிரிக்கா இல்லை. இந்தியாவில் புதிதாக வழக்குப் போட்டுத்தான் வர வேண்டும். 60,000 ராண்ட் கார்டு பாக்கிக்கு யார் வருவார்கள்? அதனால் மொத்தமாகக் கட்டுகிறேன் என்றால் குறைத்துக்கொள்ளத் தயாராக இருப்பார்கள். நீங்கள் இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்கள் என்று தெரிந்த நாளில் அந்த இளக்கம் போய்விடும். சம்பளம் இருக்கும் ஆளிடம் தள்ளுபடி எதற்கு?

இன்னொரு பிடிமானமும் உண்டு. நீங்கள் தவணை தவறிய நாளில் அசல் பாக்கி 60,000 என்றால், தவறியிருக்கும் காலம் முழுக்கச் சேரும் வட்டி, கட்டணம், வசூல் செலவு எல்லாம் கூடினாலும் இன்னொரு 60,000-ஐத் தாண்டக் கூடாது. இது தேசியக் கடன் சட்டம் 103(5). கார்டு வட்டி ரெப்போ விகிதத்துக்கு மேல் 14 சதவீதம் வரை போக அனுமதி உண்டு என்பதால் நாலு வருடத்தில் அந்த எல்லையை நெருங்கிவிடும், உண்மைதான். ஆனால் 1,20,000-க்கு மேல் கேட்டு ஒரு பேப்பர் வந்தால் அதைத் திருப்பி அனுப்ப உங்களுக்குத் தெம்பு வேண்டும்.

பேசும்போது மூன்று விஷயத்தில் கறாராக இருங்கள். கடனை வேறு கம்பெனிக்கு விற்றிருந்தால், விற்றதற்கான ஆதாரத்தைக் கேளுங்கள். கேட்காமல் கட்டிவிட்டு அப்புறம் வேறொருவர் அதே கடனோடு வந்து நிற்பது நடக்கிற கதை. 'முழுவதும் தீர்ந்ததாக ஏற்றுக்கொள்கிறோம்' என்று எழுத்தில் வராமல் பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பியபின் பெய்ட்-அப் லெட்டரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கட்டி முடித்த தகவலை ஏழு நாளில் பீரோவுக்குச் சொல்ல வேண்டியது கடன் கொடுத்தவரின் கடமை, சொல்லாவிட்டால் அந்தக் கடிதம்தான் உங்கள் ஆயுதம். பேச்சு முழுக்க "பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல்" என்ற வரியோடு இமெயிலில் நடந்தால் நல்லது. ஊர் வங்கி பணத்தை வெளியே அனுப்பும்போது எதற்கு என்று கேட்கும், செட்டில்மென்ட் கடிதம் அங்கேயும் உதவும்.

இந்த வழியின் குறையும் வெளிப்படை. பத்து லட்சம் ரூபாய் கையில் இருக்கிறவர் எதற்காக மறுபடி மிட்ராண்ட் வந்து தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்? பெரும்பாலானவர்களிடம் அவ்வளவு இருக்காது. அப்படியானால் எல்லாவற்றையும் தீர்க்க முயலாமல் சின்னதையெல்லாம் முதலில் கொன்றுவிடுங்கள். அந்த 9,000 ராண்ட் செல்போன் பாக்கியும் பீரோ அறிக்கையில் கார் லோன் மாதிரியேதான் கறையாகத் தெரியும். வீட்டு ஏஜென்ட் பார்வையில் கறை எத்தனை என்பதுதான் முக்கியம். தங்க நகையை அடகு வைத்து ராண்ட் கடனை அடைக்கலாமா என்று கேட்டால், வட்டி வித்தியாசத்தைப் பார்த்தால் லாபம்தான். ஆனால் நகைக்கு உரியவரிடம் முதலில் கேளுங்கள்.

வந்து, சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டுவது

ஜட்ஜ்மென்ட் ஆகாமல் இருந்து, இரண்டு மூன்று கடன்தான் என்றால் இதுவும் நடக்கும் வழியே. வந்த முதல் மாதத்திலேயே நீங்களாகத் தொடர்புகொண்டு, எழுத்தில் ஒரு தவணை ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. அவர்களாகக் கண்டுபிடித்து வருவதற்கும் நீங்களாகப் போவதற்கும் மரியாதையில் வித்தியாசம் உண்டு, தவணைத் தொகையிலும் உண்டு.

ஆனால் ஜட்ஜ்மென்ட் இருந்தால், அதை வைத்திருப்பவர் அடுத்து வாங்கக்கூடியது சம்பளத்தில் பிடித்தம் செய்யும் உத்தரவு. இங்கே எல்லோரும் கார்னிஷி என்பார்கள். ஒரு காலத்தில் கோர்ட் குமாஸ்தாவே முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார். ஸ்டெல்லன்போஷ் பக்கத்து ஏழைத் தொழிலாளர்களின் சம்பளத்தை எங்கோ தூரத்துக் கோர்ட் உத்தரவுகள் உறிஞ்சின. அந்த வழக்கில் 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்டது. இப்போது மாஜிஸ்திரேட் பார்த்து, நியாயமா என்று எடைபோட்டுத்தான் உத்தரவு தர முடியும். 2018 ஆகஸ்ட் முதல் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அடிப்படைச் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்றும் உச்சவரம்பு வந்தது.

கால் பங்கு என்பது கேட்கச் சின்னது. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஊருக்கு அனுப்புவது எல்லாம் கணக்குப் போட்டு வந்தவருக்கு அது மூச்சு முட்டும். அதை விடச் சங்கடம், உத்தரவு உங்கள் கைக்கு வராமல் கம்பெனிக்கு வருவது. உங்களை இவ்வளவு செலவு செய்து வரவழைத்த எச்.ஆர். அம்மா அதைப் படிப்பார். சட்டப்படி அதற்காக வேலையை விட்டு எடுக்க முடியாது. ஆனாலும் புரொபேஷன் காலத்தில் யார் அதை விரும்புவார்?

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல். இங்கே ஐ.டி. வேலைக்கு வருகிற பலர் கடைசியில் போய் உட்காருவது சாண்ட்டனிலோ ரோஸ்பேங்கிலோ உள்ள ஏதாவது வங்கியிலோ இன்சூரன்ஸ் கம்பெனியிலோதான். பணம் கையாளும், நம்பிக்கை தேவைப்படும் வேலைக்கு உங்கள் சம்மதத்தோடு கிரெடிட் அறிக்கை பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வங்கி கிளையன்ட் என்றால் அந்தச் சோதனை சடங்கு மாதிரி நடக்கும். ஆஃபர் லெட்டரில் 'பின்னணிச் சோதனைக்கு உட்பட்டது' என்ற வரியைத் தாண்டிப் படிக்காதவர்கள்தான் வேலையை விட்டுவிட்டு வந்து நடுவில் நிற்பார்கள். உங்கள் கிளையன்ட் வங்கி என்றால், இந்த வழி வழியே அல்ல. முன்பு சொன்ன மாதிரி ஊரிலேயே தீர்த்துவிட்டு வாருங்கள். தொழிற்சாலையோ சுரங்கமோ டெலிகாமோ என்றால் கொஞ்சம் தளர்வு உண்டு.

வீடும் பார்க்க வேண்டும். வாடகை ஏஜென்ட்கள் டி.பி.என். என்ற பீரோவில் பார்க்காமல் சாவி கொடுப்பது அபூர்வம். கம்பெனி பேரில் லீஸ் கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கார் லோன் கிடைக்கவே கிடைக்காது, மிட்ராண்ட் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வீடு எடுத்தால் கௌட்ரெயின் என்ற வேக ரயிலில் சாண்ட்டன் போய்விடலாம். முதல் வருடத்துக்கு அது போதும்.

டெப்ட் ரிவ்யூ

தேசியக் கடன் சட்டம் கொண்டுவந்த நல்ல விஷயங்களில் ஒன்று. பதிவு பெற்ற ஆலோசகர் உங்கள் கடன்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி, வருமானத்துக்குத் தகுந்த தவணையாக்கி, கோர்ட் உத்தரவாகவும் வாங்கிவிடுவார். அதன்பின் தனித்தனியாக யாரும் துரத்த முடியாது. லெனேசியா, சாட்ஸ்வொர்த் மாதிரி இந்திய வம்சாவளியினர் பகுதிகளில் இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பல இதனால் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

விசாக்காரருக்கு இது அவ்வளவு பொருந்துவதில்லை. ஒரு கடனில் வங்கி ஏற்கெனவே கோர்ட் நடவடிக்கை தொடங்கியிருந்தால் அந்தக் கடன் இதற்குள் வராது; நாலு வருடம் கழித்து வருகிறவருக்குப் பெரிய கடன் அநேகமாக அந்த நிலையில்தான் இருக்கும். தவணை ஐந்து வருடம் ஓடுவது சகஜம், விசாவும் ஐந்து வருடம்தான். விசாவில் முதலாளியின் பெயர் அச்சிட்டிருந்து நடுவில் வேலை போனால் திட்டம் உடையும், உடைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவார்கள். கடன் நாலைந்து இடத்தில், எதுவும் கோர்ட்டுக்குப் போகவில்லை, கான்ட்ராக்ட் குறைந்தது மூன்று வருடம் உறுதி. இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் யோசியுங்கள்.

திவால்

பட்டியலில் இருக்கும் அந்த ஒரு வரி இதுதான். குடிவரவுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவில், திவாலாகி இன்னும் மீட்சி பெறாதவரை விரும்பத்தகாதவராக அறிவிக்கலாம் என்று இருக்கிறது. விசா விண்ணப்பப் படிவத்திலும் அந்தக் கேள்வி உண்டு. கோர்ட்டில் மனுப் போட்டு மீட்சி பெற வழக்கமாக நாலு வருடம் காத்திருக்க வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டால் பத்து வருடம் கழித்துத்தான் தானாக விலகும். கட்டாத கடன் விசாவைத் தொடாது. அந்தக் கடனைத் துடைக்க நீங்கள் தேடிய சட்டப் பரிகாரம் விசாவைத் தொடும். "எல்லாத்தையும் ஒரே அடியா முடிச்சிடலாம் சார்" என்று ஒரு வக்கீல் ஆசை காட்டினால், நீங்கள் விசாவில் இருப்பவர் என்பதை அவர் கேட்டாரா என்று பாருங்கள்.

படிவம் என்றதும் இன்னொன்று. உங்கள் மீது வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டால் உள்ளதை எழுதுங்கள். கடன் வழக்கால் விசா மறுக்கப்படுவதை விட, பொய்த் தகவல் கொடுத்ததால் மறுக்கப்படுவதுதான் நடக்கக்கூடியது. கிளம்பும்போது விசா முடிந்து சில நாள் தங்கிவிட்டீர்களா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்: முப்பது நாளுக்குள் என்றால் 12 மாதத் தடை, மேலே போனால் 5 வருடம். கடனை நினைத்துத் தூக்கமில்லாமல் இருக்கும் சிலருக்கு நிஜத் தடை இங்கே இருக்கும்.

இதில் சேராத ஒரு கடன்

வருமான வரி. மேலே சொன்ன சமாதானம் எதுவும் இங்கத்திய வரித் துறையான சார்ஸுக்குப் பொருந்தாது. ரிட்டர்ன் போடாமல் விடுவது குற்றம் என்றே சட்டத்தில் இருக்கிறது. தண்டனை ஆனால் அது போலீஸ் கிளியரன்ஸில் வரும். போடாத ரிட்டர்னுக்கு மாதா மாதம் அபராதம் ஏறும். வருட வருமானம் 5 லட்சம் ராண்டுக்கும் 10 லட்சத்துக்கும் இடையில் இருந்தவருக்கு மாதம் 1,000 ராண்ட், 35 மாதம் வரை. வரிக் கடனின் ஆயுள் மூன்று வருடம் அல்ல, 15. வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. உங்கள் முதலாளிக்கோ வங்கிக்கோ ஒரு அறிவிப்பு அனுப்பினால் பணம் நேராக அவர்களிடம் போய்விடும். என் மேசைக்கு வரும் பேப்பர்களில் நான் பயப்படுவது அதற்குத்தான்.

நல்ல சேதி என்னவென்றால் இதைச் சரி செய்வதுதான் மிகச் சுலபம். ஈஃபைலிங் ஊரிலிருந்தே திறக்கும். நம் ஆள் மாதிரி வருடத்தின் நடுவில் கிளம்பியவர்களுக்கு, முழு வருடத்துக்கும் சேர்த்துப் பிடித்த வரியில் பணம் திரும்பவே கூட வரலாம். ரிட்டர்னைப் போட்டுவிட்டு, அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கோரிக்கையும் போடுங்கள். வங்கிகளோடு பேச ஆரம்பிக்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

வராமலே இருந்துவிட்டால்?

அதுவும் ஒரு வழிதான், அவமானமில்லை. ஆனால் ராண்ட் கடனுக்குப் பயந்து துபாய்க்கு மாறுவதை மட்டும் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன். அங்கே புதிதாகக் கடன் சேர்ந்தால் அங்கத்திய தீர்ப்பு இந்தியாவுக்கே நேராக வரும் என்பதை மேலே பார்த்தோம். ஜட்ஜ்மென்ட் ஆன கடன் உங்கள் வருட நிகரச் சம்பளத்தில் பாதிக்கு மேல், கிளையன்ட் வங்கி, கையில் சேமிப்பு இல்லை. மூன்றும் ஒன்று சேர்ந்தால் நான் வராதே என்றுதான் சொல்வேன். நம் கணக்கு ஆளுக்கு? வரி ரிட்டர்ன், செல்போன், கார்டு மூன்றையும் சென்னையிலிருந்தே முடித்து, கார் பாக்கிக்கு மட்டும் தவணை பேசிவிட்டு வந்தால் தாராளமாக வரலாம். புது முதலாளி இடம்பெயர்வுப் படி என்று ஏதாவது தருவதாக இருந்தால் அதைக் கிளம்பும் முன்பே தரச் சொல்லிக் கேளுங்கள். சோபா அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, குடும்பத்தோடு வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது: மனைவியின் சம்பளத்திலும் கை வைப்பார்களா? இந்தியாவில் குடியிருந்து அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு, இங்கத்திய கோர்ட்டும் கணவர் கல்யாணத்தின்போது நிரந்தரமாகக் குடியிருந்த நாட்டின் சட்டத்தைத்தான் பார்க்கும். நம் ஊர்ச் சட்டத்தில் கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. அதனால் அவர் கையெழுத்துப் போடாத கடன் அவர் மீது பாயாது. இங்கேயே குடியேறிவிட்ட பையன், இங்கத்திய தமிழ்க் குடும்பத்தில் பெண்ணெடுத்து, முன்கூட்டி ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் இங்கேயே பதிவு செய்திருந்தால் கதை வேறு. அப்போது சொத்தும் ஒன்று, கடனும் ஒன்று. மாமனாரிடம் சொல்லிவிட்டீர்களா?